அத்தியாயம் 5: மைன்கிராஃப்ட் சர்வருக்கு எந்த பிளான்?

போன அத்தியாயத்தில் உங்கள் லேப்டாப்பிலேயே பேப்பர் சர்வரை ஓடவிட்டு, அதே வைஃபையில் இருப்பவர்களோடு ஆடிப் பார்த்தோம். இனி வெளியூர் நண்பர்களும் வர வேண்டும். நீங்கள் தூங்கும்போதும் சர்வர் ஓட வேண்டும். வீட்டு இணைப்பிலேயே இதைச் செய்துவிட முடியாதா என்றால், பெரும்பாலும் முடியாது. நம்மூர் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் உங்கள் வீட்டுக்கென்று தனி ஐபி முகவரி கிடையாது. பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்தும் சிஜிநாட் ஏற்பாடு அது. ரவுட்டரில் 25565 போர்ட்டை எப்படித் திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து ஒருவரும் உள்ளே வர மாட்டார்கள். கூடுதல் பணம் கட்டி ஸ்டாடிக் ஐபி வாங்கலாம்தான். அப்புறம் கரண்ட் போனால் யுபிஎஸ், லேப்டாப் சூடானால் கூலிங் பேட் என்று செலவு தொடரும். எனவே ஹோஸ்டிங்.

விலைப்பட்டியலைத் திறந்ததும் கண்ணில் படுவது ரேம். 2 ஜிபி, 4 ஜிபி, 8 ஜிபி, 16 ஜிபி என்று ஏறிக்கொண்டே போகும். மலிவான பிளானுக்கு மண், நிலக்கரி என்று பெயர் வைத்திருப்பார்கள்; விலை ஏற ஏற இரும்பு, வைரம், நெதரைட். பக்கத்திலேயே ‘அன்லிமிடெட் ஸ்லாட்’ என்று கொட்டை எழுத்தில். ஸ்லாட் என்பது சர்வரின் செட்டிங்ஸ் ஃபைலில் ஒரு வரி, அவ்வளவுதான். ‘மேக்ஸ்-பிளேயர்ஸ்’ என்ற அந்த வரியில் முதலில் 20 என்று இருக்கும். அதை அழித்துவிட்டு 2000 என்று எழுத யாருக்கும் காசு செலவாகாது. இதைச் சலுகை மாதிரி விற்கும் பக்கத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

நான் முதலில் தேடுவது ப்ராசஸரின் பெயரை. சில பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது.

ஒரு டிக்குக்கு 50 மில்லிசெகண்ட்

மைன்கிராஃப்ட் உலகம் விநாடிக்கு 20 டிக் ஓடுகிறது. ஒரு டிக்குக்கு 50 மில்லிசெகண்ட் அவகாசம். ஜாம்பி ஓர் அடி நகர்வது, கோதுமை வளர்வது, ஹாப்பர் ஒரு பொருளைத் தள்ளுவது, ரெட்ஸ்டோன் அணைந்து எரிவது, வில்லேஜர் தன் கட்டிலுக்கு வழி தேடுவது எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். 20 மில்லிசெகண்டில் முடிந்துவிட்டால் மீதி நேரம் சர்வர் சும்மா இருக்கும். 80 மில்லிசெகண்ட் எடுத்தால் விநாடிக்கு 12.5 டிக்தான் ஓடும். அப்போது உடைத்த பிளாக் திரும்ப வந்து நிற்கும். மாட்டை வெட்டினால் நிதானமாக யோசித்துவிட்டுச் சாகும். விளையாட்டில் ஒரு நாள் 24,000 டிக். சரியான வேகத்தில் 20 நிமிடம். 12.5 டிக்கில் அதே நாள் 32 நிமிடமாக இழுக்கும். உங்கள் சர்வரில் சூரியன் மெதுவாக இறங்குவதாகத் தோன்றினால் அது பிரமை இல்லை.

பிங்கினால் வரும் லேக் வேறு, இது வேறு. பிங் மோசமென்றால் தூரத்தில் இருப்பவருக்கு மட்டும் திணறும். டிக் சரிந்தால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் திணறும்.

டிக்குக்குள் நடக்கும் வேலையில் பெரும்பகுதி ஒரே த்ரெட்டில், அதாவது ப்ராசஸரின் ஒரே கோரில் நடக்கிறது. நிலத்தை உருவாக்குவது, சாட் போன்ற சிலவற்றை மற்ற கோர்கள் பங்கிட்டுக்கொள்ளும். ஹோட்டல் ஹாலில் எத்தனை மேஜை போட்டாலும் தோசைக்கல் ஒன்றுதான் என்றால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும். ரேம் என்பது மேஜை. பேப்பரை உருவாக்கியவர்களே 2023இல் ஃபோலியா என்று ஒன்றை வெளியிட்டார்கள். உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தனித்தனி த்ரெட்டில் ஓட்டும். ஆட்கள் ஒருவருக்கொருவர் எட்டாத தூரத்தில் சிதறிக் கிடந்தால்தான் பலன். பழைய பிளகின்களும் மாற்றி எழுதாமல் ஓடாது. பத்துப் பேர் ஒரே கிராமத்தில் வீடு கட்டும் சர்வருக்கு அது வேண்டாம்.

அதனால் ஒற்றைக் கோரின் வேகம் என்ன என்று கேளுங்கள். 2022இல் வந்த ரைசன் 9 7950எக்ஸ் ஒற்றைக் கோரில் 5.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். 2016இல் வந்த ஜியான் இ5-2680 வி4இல் 14 கோர் உண்டு, உச்ச வேகம் 3.3தான். கிகாஹெர்ட்ஸை மட்டும் ஒப்பிட்டால்கூட வித்தியாசத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறோம், ஏனென்றால் புதிய தலைமுறைக் கோர் அதே ஒரு துடிப்பில் அதிக வேலையை முடிக்கும். பழைய ஜியான்கள் கழித்துவிடப்பட்ட விலைக்குக் கிடைப்பதால், மிக மலிவான பிளான்களுக்கு அடியில் அடிக்கடி அவைதான் ஓடிக்கொண்டிருக்கும். ‘4 வி-சிபியு’ என்ற எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். பெயரைச் சொல்லாமல் ‘ஹை பெர்ஃபார்மன்ஸ் ப்ராசஸர்’ என்று எழுதியிருந்தால் சப்போர்ட்டுக்கு ஒரு வரி அனுப்புங்கள்: இந்த லொகேஷனில் என் சர்வர் எந்த மாடல் ப்ராசஸரில் ஓடும்? நேரான பதில் வராத இடத்தில் நான் வாங்குவதில்லை.

கல்லூரி விடுதியில் இருக்கும் தம்பி ஒருவன் இதைக் கேட்டுத்தான் போன் செய்தான்.

“அண்ணா, 16 ஜிபி பிளான் எடுத்தும் லேக் அடிக்குதுண்ணா. 32க்குப் போயிடலாமா?”

“ஸ்பார்க் போட்டுப் பாத்தியா?”

“அதுக்குத் தனியா காசு கட்டணுமாண்ணா?”

கட்ட வேண்டாம். ஸ்பார்க் என்பது சர்வரின் நாடி பார்க்கும் இலவசக் கருவி, பேப்பரின் 1.21 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. ஸ்பார்க் டிபிஎஸ் என்ற கட்டளையை அடித்தால் கடந்த சில விநாடி, சில நிமிடக் கணக்கில் டிக் வேகம் வரும். அதற்குக் கீழே ஒரு டிக் எவ்வளவு நேரம் எடுத்தது என்று நான்கு எண்கள்: குறைந்தது, நடுவானது, 95 விழுக்காடு, அதிகபட்சம். மூன்றாவதைப் பாருங்கள். நடு எண் 18ஆக இருந்து 95 விழுக்காடு 60 என்று வந்தால், சர்வர் பொதுவாக நலம், அவ்வப்போது ஏதோ ஒன்று அதை உலுக்குகிறது என்று பொருள். பெரும்பாலும் யாரோ ஒருவர் எலிட்ரா மாட்டிக்கொண்டு புது நிலத்தின் மேல் பறந்துகொண்டிருப்பார்.

தம்பியின் சர்வரில் நடு எண்ணே 70. ரேமோ 16இல் 5 ஜிபிதான் நிஜமாக வேலை செய்துகொண்டிருந்தது. ப்ரொஃபைலரை ஓடவிட்டால் நேரத்தைத் தின்றது இரண்டு பேர்: ஒரு வில்லேஜர் வணிக மண்டபமும், நீளமான ஹாப்பர் வரிசை கொண்ட ஒரு தானியங்கிக் கிடங்கும். கிடங்கைக் கொஞ்சம் சுருக்கச் சொல்லி, 6 ஜிபியில் புதிய ப்ராசஸர் உள்ள பிளானுக்கு மாற்றியதும் எண் 20க்குப் பக்கத்தில் வந்து நின்றது. மாதச் செலவும் குறைந்தது.

பிளானை உயர்த்தும் முன் செய்து பார்க்க வேண்டிய இன்னொன்று வியூ டிஸ்டன்ஸ். அது 10 என்று இருந்தால் ஒவ்வொரு ஆளைச் சுற்றியும் 21க்கு 21, ஆக 441 சங்க்குகளைச் சர்வர் ஏந்த வேண்டும். 6 ஆக்கினால் 169. 1.18 பதிப்பிலிருந்து சிமுலேஷன் டிஸ்டன்ஸ் என்று தனியே ஒரு செட்டிங்கும் உண்டு. எவ்வளவு தூரம் தெரிய வேண்டும், எவ்வளவு தூரம் உயிரோடு இயங்க வேண்டும் என்று பிரித்துச் சொல்லலாம். தெரிவது 8, இயங்குவது 5 என்று வைத்தால் பலர் வித்தியாசத்தையே கவனிப்பதில்லை.

ரேம் எவ்வளவு

பேப்பரில், சில பிளகின்களோடு, ஐந்தாறு நண்பர்களுக்கு 4 ஜிபி போதும். பத்துப் பதினைந்து பேர், பிளகின்கள் கூடுதல் என்றால் 6. நூற்றுக்கணக்கான மாடுகளைச் சேர்த்துக் கட்டிய பெரிய மாட்பேக் என்றால் 8 முதல் 12 வரை. (மாடு என்றதும் பால் கறக்கும் மாட்டை நினைத்தவர்கள் மூன்றாம் அத்தியாயத்துக்குத் திரும்பவும்.)

ஒரு கண்ணி இருக்கிறது. 4 ஜிபி பிளானில் ஜாவாவுக்கும் முழுசாக 4 ஜிபியை ஒதுக்கிவிடுவார்கள். அந்த எண் விளையாட்டின் தரவுக்கு மட்டும். ஜாவா தனக்கென்று அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். எல்லையைத் தாண்டியதும் மேலிருக்கும் சிஸ்டம் சர்வரைக் கொன்றுவிடும். கன்சோலில் எந்த எர்ரரும் இருக்காது, 137 என்ற எக்ஸிட் கோடு மட்டும் கிடக்கும். ஒரு ஜிபியாவது விட்டுவைத்து ஒதுக்குங்கள்.

எந்த ஊரில்

கண்ணாடி இழையில் ஒளி மில்லிசெகண்டுக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும் ஐ2ஐ கேபிள் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். போய்த் திரும்பவே 32 மில்லிசெகண்ட். நடுவில் ரவுட்டர்களும் சேர்ந்தால் 40, 50 என்று வரும். மும்பை, பெங்களூர், சென்னை டேட்டா சென்டர்கள் இன்னும் அருகில். ஐரோப்பா என்றால் 150 மில்லிசெகண்டுக்குப் பக்கத்தில் எதிர்பாருங்கள். 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது ஆசியா–ஐரோப்பா வழியெங்கும் தாமதம் கூடியது. மைக்ரோசாஃப்டின் அசூரே அதைப் பற்றி அறிவிப்பு வெளியிட்டது.

ஆனாலும் என் கருத்து இது: வீடு கட்டி, விவசாயம் செய்து, குகை தோண்டும் சர்வர் என்றால் 150 மில்லிசெகண்டில் தாராளமாக ஆடலாம். உங்கள் நடையை உங்கள் கணினியே கணக்கிட்டுக்கொள்கிறது, கால் தடுமாறாது. ஒருவரையொருவர் வாளால் அடிக்கும் பிவிபி சர்வர் என்றால் மட்டும் பிங்குக்காகப் பணம் செலவழியுங்கள். மும்பையில் பழைய ப்ராசஸரும் சிங்கப்பூரில் புதிய ப்ராசஸரும் ஒரே விலைக்குக் கிடைத்தால் நான் சிங்கப்பூரை எடுப்பேன். பாதிப் பேர் சென்னையிலும் பாதிப் பேர் கோலாலம்பூரிலும் இருக்கும் குழுவுக்கும் அதுவே வசதி.

வரைபடத்தில் பக்கம் என்பதால் கேபிளிலும் பக்கமாக இருக்க வேண்டியதில்லை. பல நிறுவனங்கள் ஒவ்வொரு லொகேஷனுக்கும் சோதனை ஐபி ஒன்றைத் தரும். அதற்கு பிங் அடித்துப் பார்க்கச் சொல்லி நண்பர்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு, நீங்கள் நிஜமாகவே விளையாடும் நேரத்தில் அடிக்கச் சொல்லுங்கள். காலை எண்ணை நம்ப வேண்டாம்.

போனில் ஆடுபவர்கள்

உங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் போனில்தான் ஆடுவார்கள். போனில் இருப்பது பெட்ராக் பதிப்பு, நாம் ஓட்டுவது ஜாவா பதிப்பு. இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்ளாது. கைசர் என்ற பிளகின் நடுவில் நின்று மொழிபெயர்க்கும். ஃப்ளட்கேட்டையும் போட்டால் அவர்கள் ஜாவா பதிப்பைத் தனியாக வாங்க வேண்டியதில்லை. பிளான் விஷயத்தில் இதற்கென்று ஒரு கேள்வி உண்டு. பெட்ராக் பழக்கமாக யுடிபி 19132 போர்ட்டில் வரும், ஜாவா டிசிபி 25565இல். மலிவு பிளான்கள் சில ஒரே ஒரு போர்ட்டைத்தான் தரும். கூடுதல் போர்ட் கிடைக்குமா, யுடிபி திறந்திருக்குமா, அதற்குத் தனிக் கட்டணமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

தாக்குதல்

டிடாஸ் பாதுகாப்பு என்ற சொல் எல்லாப் பட்டியலிலும் இருக்கும். நண்பர்கள் சர்வரை யார் தாக்கப்போகிறார்கள் என்று தோன்றும். 2016இல் உலகத்தையே உலுக்கிய மிராய் என்ற பாட்நெட்டின் பின்னணியில் இருந்தது மைன்கிராஃப்ட் சர்வர் போட்டிதான். போட்டிச் சர்வர்களையும் அவற்றுக்குப் பாதுகாப்பு தந்தவர்களையும் முடக்கக் கல்லூரி வயது இளைஞர்கள் அதைக் கட்டினார்கள். 2017இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். உங்கள் சர்வரிலிருந்து தடை செய்யப்பட்ட ஒரு பத்தாம் வகுப்புப் பையன் கோபத்தில் செய்யக்கூடிய காரியம்தான் இப்படி ஒரு தாக்குதல். பாதுகாப்பு பிளானிலேயே சேர்ந்ததா என்பதையும், தாக்குதல் வந்தால் உங்கள் சர்வரையே நிறுத்திவைத்துவிடுவார்களா என்பதையும் பாருங்கள். பின்னதும் சில விதிமுறைகளில் ‘பாதுகாப்பு’ என்ற தலைப்பின் கீழ்தான் வரும். நண்பர்களுக்கு மட்டுமான சர்வரில் ஒயிட்லிஸ்டைப் போட்டுவிட்டு முகவரியைப் பொதுவெளியில் பகிராமல் இருந்தால் பாதித் தொல்லை தீரும்.

பேக்கப் எங்கே இருக்கிறது

2021 மார்ச் 10 அதிகாலையில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்தது. எஸ்பிஜி2 என்ற கட்டடம் முழுக்க எரிந்தது. ரஸ்ட் விளையாட்டை உருவாக்கிய ஃபேஸ்பஞ்ச், அங்கிருந்த தன் ஐரோப்பிய சர்வர்களின் தரவு மொத்தமும் போய்விட்டது, மீட்க முடியாது என்று அறிவித்தது. தனியாகப் பேக்கப் சேவைக்குப் பணம் கட்டியிருந்த வாடிக்கையாளர்கள் சிலருக்கும் பேக்கப் திரும்பக் கிடைக்கவில்லை. அதுவும் அந்த வளாகத்திலேயே இருந்தது.

‘தினசரி பேக்கப் இலவசம்’ என்று பிளானில் இருந்தால் மூன்று விஷயம் கேளுங்கள். எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? சர்வர் இருக்கும் அதே மெஷினிலா, வேறு ஊரிலா? நானே என் கணினிக்கு டவுன்லோட் செய்துகொள்ளலாமா? மூன்றாவதுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் மற்ற இரண்டைக் கேட்டே பயனில்லை. எஸ்எஃப்டிபி வசதி இருந்தால் வேர்ல்ட் ஃபோல்டரை வாரம் ஒருமுறை இழுத்து உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவைக்கலாம். மாதம் ஒருமுறையாவது அதை லேப்டாப் சர்வரில் திறந்து உள்ளே நடந்து பாருங்கள். திறக்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

டிஸ்க்கைப் பொறுத்தவரை என்விஎம்இ என்று இருந்தால் சரி. உலகம் சும்மா வீங்கிக்கொண்டே போகாமல் இருக்க வேர்ல்ட்பார்டரைப் போட்டு, சங்க்கி பிளகினால் அதற்குள் இருக்கும் நிலத்தை முன்கூட்டியே உருவாக்கிவிடுங்கள். எலிட்ராக்காரர்களின் தொல்லையும் அதோடு குறையும்.

பேனலா, விபிஎஸ்ஸா

டெரோடாக்டைல் போன்ற பேனலோடு வரும் கேம் ஹோஸ்டிங்கில் பட்டனை அழுத்தினால் சர்வர் ஓடும். ஜாவா பதிப்பை அங்கேயே மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மைன்கிராஃப்ட் 1.20.5 முதல் குறைந்தது ஜாவா 21 கேட்கிறது. முதல் சர்வருக்கு இதைத்தான் எடுக்க வேண்டும்.

விபிஎஸ் என்பது வெறும் லினக்ஸ் மெஷின். அதே காசுக்கு அதிகம் கிடைப்பது போலத் தெரியும், ஆனால் ஃபயர்வால், அப்டேட், பேக்கப் எல்லாம் உங்கள் தலையில். 2021 டிசம்பரில் லாக்4ஷெல் ஓட்டை வெளிவந்தபோது மைன்கிராஃப்ட் சாட்டில் ஒரு வரி தட்டியே சர்வரைக் கைப்பற்ற முடிந்தது. அந்த வாரம் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த விபிஎஸ்காரர்களின் பாடு திண்டாட்டம். இன்னொன்று, ஒரே மெஷினை அளவுக்கு மேல் பலருக்கு விற்பது இந்தத் தொழிலில் சகஜம். டாப் கட்டளையில் ‘எஸ்டி’ என்ற எண்ணைக் கவனியுங்கள். உங்களுக்குச் சேர வேண்டிய ப்ராசஸர் நேரத்தைப் பக்கத்து வாடகைக்காரர்கள் எடுத்துக்கொள்ளும் விழுக்காடு அது. மாலை நேரத்தில் அது 5, 10 என்று எகிறினால் இடத்தைக் காலி செய்யுங்கள்.

மைன்கிராஃப்டை உருவாக்கிய மோஜாங்கின் சொந்த சேவையான ரியல்ம்ஸில் உங்களோடு ஒரே நேரத்தில் 10 நண்பர்கள் வரை ஆடலாம். பிளகின் போட முடியாது. ஆட்டெர்னோஸ் போன்ற இலவச சர்வர்கள் ஆளில்லாதபோது தானாக நின்றுவிடும், கூட்ட நேரத்தில் வரிசையில் நிற்க வைக்கும். சனி, ஞாயிறு மட்டும் ஆடும் நான்கு பேருக்கு அது போதும், இந்த அத்தியாயமே தேவையில்லை.

பணம் கட்டும்போது

வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் மாதம் மாதக் கட்டணமே கட்டுங்கள். வந்த வாரத்தில் எல்லோரையும் ஒரே இரவில் உள்ளே அழைத்து ஸ்பார்க்கைப் பார்த்துவிட்டு, பிறகு முடிவு செய்யலாம். டாலரில் விலை போட்டிருந்தால் கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணமும், பல இடங்களில் பில் போடும்போது 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும்.

தானாகப் புதுப்பிக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி கார்டில் மாதாமாதம் தானாகப் பிடிக்க முறையான அனுமதிப் பதிவு வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இரண்டாம் மாதம் பணம் போகாது. சர்வர் நிற்கும், குறிப்பிட்ட நாள் கழித்து உலகமும் அழிக்கப்படும். எத்தனை நாள் என்பது விதிமுறைப் பக்கத்தில் இருக்கும். அதைப் படித்து காலண்டரில் குறித்துவையுங்கள். சர்வர் செலவை ஈடுகட்ட வலிமையான வாள், கவசத்தைக் காசுக்கு விற்கலாம் என்ற யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். பணம் கொடுத்தவருக்கு ஆட்டத்தில் அனுகூலம் தருவதை மோஜாங் அனுமதிப்பதில்லை; 2014 முதலே இதில் கறார். பங்கு போட்டு ஜிபேயில் வசூலிப்பது எளிது.

கடைசியாக, ஹோஸ்டிங்கோடு சேர்த்து ஒரு டொமைன் பெயரையும் வாங்கிவிடுங்கள், வேறு நிறுவனத்தில். அதில் எஸ்ஆர்வி ரெக்கார்ட் போட்டுவிட்டால் நண்பர்கள் அந்தப் பெயரை மட்டும் அடித்தால் போதும்; ஐபி, போர்ட் எதுவும் தெரிய வேண்டாம். நாளைக்கு வேறு இடத்துக்கு மாறினாலும் முகவரி அதேதான். போனில் ஆடுபவர்களுக்கு மட்டும் இது உதவாது. பெட்ராக் எஸ்ஆர்வியைப் பார்ப்பதில்லை. போர்ட் எண்ணை அவர்கள் தனியே தட்டித்தான் ஆக வேண்டும். குழுவில் அதைப் பின் செய்துவையுங்கள்.